எரித்துப் பார்த்து விற்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் மணவூர் மகளிர் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாங்கள் மணவூரிலிருந்து வந்திருக்கிறோம். திருவள்ளூர் தாண்டி அரக்கோணம் போகிற மின்சார ரயிலில், திருவாலங்காட்டுக்கு முந்தின ஸ்டேஷன்தான் எங்கள் ஊர். குழுவில் 12 பேர். வாசனை மெழுகுவர்த்தி செய்து விற்கிறோம். "லாபம் எப்படி வந்ததுன்னு பேசுங்க" என்று கேட்டார்கள். லாபத்தைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நாங்கள் நஷ்டம் வந்த கதையைச் சொல்கிறோம். அடுத்த குழுவுக்கு அதுதான் உபயோகப்படும்.

நாங்கள் செய்த தப்பு

ஐந்து நாள் பயிற்சி முடித்து, குழுக் கடனில் மெழுகும் அச்சும் வாங்கினோம். கார்த்திகைக்குச் செய்த சின்ன வர்த்திகள் எல்லாம் விற்றுப் போயின. அந்தத் தைரியத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு ஆர்டர் எடுத்தோம். கண்ணாடி டம்ளரில் ஊற்றிய மல்லிகை வாசனை வர்த்தி, 100 எண்ணிக்கை. அவர்கள் கேட்ட டம்ளர் நாங்கள் வழக்கமாக ஊற்றுவதைவிட அகலம். வாசனையும் புதுசு. "அதே மெழுகுதானே, அதே திரிதானே" என்று நினைத்தோம். பாதியில் திரி பாக்கெட் தீர்ந்துவிட்டது. வேறு கடையில் கிடைத்ததை வாங்கி மீதியை முடித்தோம். அது கொஞ்சம் தடித்த திரி.

ஒன்றைக்கூட எரித்துப் பார்க்கவில்லை. எரித்தால் ஒரு வர்த்தி வீணாகிவிடுமே என்று கணக்குப் பார்த்தோம்.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. சில வீடுகளில் அரை மணி நேரத்தில் நடுவில் குழி விழுந்து வர்த்தி அணைந்துவிட்டதாம். அதுகூடப் பரவாயில்லை. ஒரு வீட்டில் மர அலமாரியில் வைத்து எரித்திருக்கிறார்கள். வர்த்தி தீரும் நேரத்தில் டம்ளரின் அடி வெடித்து, மெழுகு வழிந்து, பலகை கருகியிருக்கிறது. அதே அறையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டு இருந்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி எங்களில் ஒருத்திக்கும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் குழுக் கூட்டத்தில் இரண்டு பேச்சு வந்தது. "நெருப்புப் பொருளைப் பார்த்து எரிக்க வேண்டியது வாங்கினவங்க பொறுப்புதானே" என்றார்கள் சிலர். "அது நம்ம வீட்டுக் குழந்தையா இருந்தா இப்படிப் பேசுவோமா?" என்று கேட்டார் ஒரு அக்கா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மிச்சம் இருக்கிற வர்த்தியை எல்லாம் திரும்ப வாங்குவது, முழுப் பணத்தையும் கொடுப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அதற்கப்புறம் மூன்று மாதம் கடன் தவணையை எங்கள் கூலிக் காசிலிருந்துதான் கட்டினோம். எங்களில் இரண்டு பேர் மெழுகு வேலைக்கு இன்னும் திரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எங்களுக்கு மனசில்லை.

வர்த்தி எப்படி எரிகிறது?

தப்பு எங்கே என்று தேடியபோதுதான் வர்த்தி எப்படி எரிகிறது என்றே படித்தோம். லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். கொல்லர் வீட்டுப் பிள்ளை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். அவர் 1860-61 கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவு செய்தார். ஆறும் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியே!

அவர் செய்து காட்டியதை நீங்களும் செய்து பார்க்கலாம். எரியும் வர்த்தியை மெல்ல ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைப் புகை எழும்பும். எரியும் தீக்குச்சியை அந்தப் புகையில் காட்டினால், திரியைத் தொடாமலே நெருப்பு தாவிப் பற்றிக்கொள்ளும். ஏனென்றால் அந்தப் புகை மெழுகின் ஆவி. மெழுகு உருகி, திரி வழியாக மேலே ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது.

இது புரிந்தால் திரியின் கதையும் புரிந்துவிடும். திரி மெல்லிசாக இருந்தால் உருகின மெழுகு முழுவதையும் உறிஞ்ச முடியாமல் அதிலேயே மூழ்கி அணையும். தடித்து இருந்தால் அதிகமாக உறிஞ்சி, சுடர் உயர்ந்து, புகை கக்கி, கண்ணாடியைக் கொதிக்க வைக்கும். எங்கள் ஆர்டரில் இரண்டு கோளாறும் சேர்ந்தே வந்தது. அகல டம்ளருக்குப் பழைய திரி போதவில்லை. புதுத் திரியோ அளவுக்கு மிஞ்சிப் போயிற்று.

அடுப்படியில் கவனம்

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். பெரிய பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் மெழுகுப் பாத்திரம். பாரஃபின் மெழுகு சுமார் 200 டிகிரி சூடேறினால் அதன் ஆவி தீப்பிடிக்கும். வெந்நீர்மேல் வைத்தால் 100 டிகிரியைத் தாண்டாது. அடியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியும் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றின தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, எரிகிற மெழுகை நம் முகத்தில் வாரி அடிக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். நைலக்ஸ் சேலை வேண்டாம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். உருக்குகிற நேரத்தில் பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது. சூடான மெழுகை விட்டுவிட்டு ஒருவரும் எழுந்து போகக் கூடாது.

அளவு எல்லாம் எடையில்தான். கரண்டிக் கணக்கு உதவாது. 100 கிராம் மெழுகுக்கு 6 கிராம் வாசனை எண்ணெயில் தொடங்குங்கள். 10 கிராமுக்கு மேல் போனால் மெழுகு தாங்காது. எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும், அதுவே தீப்பிடிக்கவும் செய்யும். மெழுகுவர்த்திக்கென்று விற்கிற எண்ணெயாகக் கேட்டு வாங்குங்கள். பலகாரத்துக்குப் போடும் எசென்சில் தண்ணீர் கலந்திருந்தால் திரி படபடவென்று வெடிக்கும். காய்ந்த மல்லிகையையும் ரோஜா இதழையும் மெழுகில் பதித்தால் பார்க்க அழகுதான். ஆனால் வாசனை வராது, இதழ் இன்னொரு திரி மாதிரி பற்றிக்கொள்ளும்.

எரித்துப் பார்க்கும் முறை

இப்போது நாங்கள் கடைப்பிடிப்பது இதுதான்.

1. ஒரே டம்ளர், ஒரே மெழுகு, ஒரே வாசனை. திரி மட்டும் மூன்று தடிமனில் மூன்று வர்த்தி ஊற்றுகிறோம். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் கோளாறு எதனால் என்று தெரியாது.

2. ஊற்றியதும் எரிக்கக் கூடாது. பாரஃபின் என்றால் இரண்டு, மூன்று நாள். சோயா மெழுகு என்றால் ஒன்று, இரண்டு வாரம். அதற்குப் பிறகுதான் வாசனை சரியாகத் தெரியும்.

3. திரியைக் கால் அங்குலமாக நறுக்கி, ஃபேன் காற்று படாத இடத்தில், தட்டின்மேல் வைத்து எரிக்கிறோம். ஒரு தடவைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் இல்லை. பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

4. மூன்று அங்குல டம்ளர் என்றால் மூன்று, நான்கு மணி நேரத்தில் மெழுகு ஓரம் வரை உருக வேண்டும். நடுவில் குழி விழுந்தால் திரி சின்னது. சுடர் துள்ளினாலும், விளிம்பில் கரி படிந்தாலும், திரி நுனியில் காளான் மாதிரி கரிக்கட்டி கட்டினாலும் திரி பெரிசு. சுடர் ஓர் அங்குலத்துக்குள் அமைதியாக நிற்பதே நல்லது.

5. அணைத்து, முழுக்க ஆறவைத்து, மறுபடி எரிக்கிறோம். இப்படிக் கடைசி வரை. எங்கள் டம்ளர் வெடித்தது கடைசியில்தான். மெழுகு குறையக் குறையச் சுடர் கண்ணாடியின் அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அரை அங்குலம் மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும்.

6. எரிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போடுகிறோம். 4 மணி நேரத்தில் 20 கிராம் குறைந்தால் மணிக்கு 5 கிராம். 120 கிராம் வர்த்தி 24 மணி நேரம் எரியும். அடியில் விட வேண்டியதைக் கழித்து, 20 மணி நேரம் என்று தைரியமாக எழுதலாம்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுகிறோம். வாசனை மாறினாலும், டம்ளர் மாறினாலும், திரிக் கடை மாறினாலும் மறுபடி முதலிலிருந்து சோதனை. ஆர்டர் எவ்வளவு அவசரமானாலும் இதில் மாற்றம் கிடையாது.

நம்ம ஊர் வெயில்

கோடையில் வெயில் அதிகமான ஊர்கள் என்று செய்தியில் சொல்லும்போது திருத்தணி பெயர் அடிக்கடி வரும். டம்ளருக்கென்று வரும் சில மெழுகு 45, 50 டிகிரியிலேயே உருகும். தகரக் கூரைக்குக் கீழே மதியம் வைத்த பெட்டி அந்தச் சூட்டுக்குக் கிட்டே போய்விடும். அதனால் மாதிரி வர்த்தியை இரண்டு நாள் மதியம் தகரக் கொட்டகையில் வைத்துப் பார்க்கிறோம். மேலே எண்ணெய் கசிந்தால், உருவம் சாய்ந்தால், அந்த மெழுகு கோடைக்கு ஆகாது. சரக்கை விடியற்கால வண்டியில்தான் அனுப்புகிறோம்.

கொட்டாங்குச்சியிலும் மண் அகலிலும் ஊற்றச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். கொட்டாங்குச்சியே எரிகிற பொருள். அதன் விளிம்பில் சுடர் பட்டால் என்ன ஆகும்? பூச்சு இல்லாத மண் அகல் மெழுகை உறிஞ்சும். ஊறின விளிம்பே பற்றிக்கொள்ளலாம். இரண்டையும் கடைசி வரை எரித்துப் பார்க்காமல் விற்காதீர்கள்.

விலைக் கணக்கு

ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். மெழுகு 25 ரூபாய், வாசனை 15, டம்ளர் 30, திரி, லேபிள், பெட்டி 15. மொத்தம் 85. இதை 100க்கு விற்றால் 15 ரூபாய் லாபம் என்று நினைப்போம். நம் கூலி 20, கேஸ், ரயில் செலவு 5, சோதனைக்கு எரித்ததும் உடைந்ததும் 10 சேர்த்தால் 120. அப்படியானால் 100க்கு விற்றது 20 ரூபாய் நஷ்டம். சோதனைச் செலவை விலையில் சேர்க்காத குழு, சீக்கிரமே சோதனையை விட்டுவிடும். நாங்கள் விட்டது அப்படித்தான்.

லேபிளில் செய்தவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம், வருடம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல போன் எண் இருக்க வேண்டும். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் வருட விதி இது. அதோடு நாங்கள் ஒரு சின்னச் சீட்டும் வைக்கிறோம்: "திரியைக் கால் அங்குலமாக நறுக்கவும். தட்டின்மேல் வைக்கவும். குழந்தை, திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். தூங்கும்முன் அணைக்கவும். அரை அங்குலம் இருக்கும்போது நிறுத்தவும்." ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் 31 படி பூஜைக்கும் திருத்தணி மலைக்கு நகரி, புத்தூர்ப் பக்கத்து ஜனங்களும் வருகிறார்கள். அதனால் தெலுங்கிலும் அச்சடித்திருக்கிறோம்.

"இவ்வளவு வேலையா, நம்மால ஆகுமா?" என்று மலைக்க வேண்டாம். மகாராஷ்டிராவில் மகாபலேஸ்வர் என்ற மலை ஊரில் பாவேஷ் பாட்டியா என்பவர் இருக்கிறார். கண் பார்வை இல்லாதவர். பார்வையற்றோருக்கான சங்கத்தில் வர்த்தி செய்யக் கற்று, தள்ளுவண்டியில் விற்க ஆரம்பித்தார். இன்று அவருடைய சன்ரைஸ் கேண்டில்ஸ் நிறுவனத்தில் பார்வையற்ற பலர் வேலை செய்கிறார்கள். அவருக்கு முடிந்தது, சகோதரிகளே, நமக்கும் முடியும்.

கிரகப்பிரவேசம் வைத்த அந்த வீட்டார் போன கார்த்திகைக்கு 20 வர்த்தி கேட்டார்கள். மூன்று திரி வைத்து எரித்துப் பார்த்து, இரண்டு வாரம் தாமதமாகும் என்று சொன்னோம். "பரவாயில்ல, பார்த்தே குடுங்க" என்றார்கள்.

எங்கள் சோதனை நோட்டை இன்று கொண்டு வந்திருக்கிறோம். எந்தக் குழு வேண்டுமானாலும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். நஷ்டம் வந்த பக்கத்தை நாங்கள் கிழிக்கவில்லை. முதல் பக்கமே அதுதான்.