கண்குழி எலும்பு முறிவை அறிவது எவ்வாறு?

(செம்பட்டியில் மகளிர் குழுவினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் சாலையில் உள்ள இச்செம்பட்டியில் பஸ்ஸும் லாரியும் மோட்டார் சைக்கிளும் ஓயாது செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். முகத்தில் அடிபடுவதற்குச் சாலை விபத்து ஒன்றே காரணமன்று. கபடி ஆட்டத்தில் முழங்கை இடிக்கிறது. கிரிக்கெட் பந்து தாக்குகிறது. தொழுவத்தில் மாடு தலையைத் திருப்புகிறது. கண் வீங்கினால், ‘இரண்டு நாளில் வடிந்துவிடும்’ என்று இருந்துவிடுகிறோம். அவ்வீக்கத்தின் உள்ளே எலும்பு முறிந்திருக்கலாம் என்று எண்ணுவதில்லை.

கண்ணைத் தாங்கும் குழி ஏழு எலும்புகளால் ஆனது. அதன் விளிம்பு உறுதியானது. அடித்தளமும் மூக்கையடுத்த சுவரும் மிக மெல்லியவை. ஆதலின் பந்தோ முட்டியோ தாக்கும்போது, விளிம்பு முறியாமலே அடித்தளம் உடைந்து, கீழேயுள்ள காற்றறைக்குள் கொழுப்பும் தசையும் இறங்கக்கூடும். 1957ஆம் ஆண்டில் ஸ்மித், ரீகன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், இறந்தவர் உடலின் கண்மீது பந்தொன்றை வைத்துச் சுத்தியலால் அடித்து இதனை விளக்கிக் காட்டினர்.

அடிபட்டவருக்கு நினைவும் மூச்சும் சரியாக உள்ளனவா, இரத்தம் பெருகுகிறதா என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். அதன்பின் கண்ணைச் சோதிக்கலாம். ஒரு கண்ணை மூடச் செய்து, மற்றக் கண்ணால் விரல்களை எண்ணச் சொல்லுங்கள். தலையை அசைக்காமல், உங்கள் விரலை மேலும் கீழும் பக்கங்களிலும் பார்க்கச் சொல்லுங்கள். கண் மேல்நோக்கித் திரும்பாவிட்டாலும், ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தாலும், கன்னமும் மேலுதடும் மரத்திருந்தாலும் முறிவு உண்டெனச் சந்தேகிக்க வேண்டும். இமையைத் தொட்டால் சருகு நொறுங்குவதுபோல் இருப்பதும், வீக்கம் வடிந்தபின் கண் உள்வாங்கியிருப்பதும் ஏனைய அறிகுறிகளாம்.

குழந்தைகளிடத்தில் தனிக் கவனம் தேவை. அவர்களுடைய எலும்பு வளையும் தன்மையுடையது; விரிந்து, மீண்டும் மூடிக்கொள்ளும்போது தசையைக் கவ்விக்கொள்ளும். வெளியே வீக்கமோ சிவப்போ அதிகம் இராது. ஆனால் குழந்தை வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும், நாடி மெதுவாகத் துடிக்கும். இதனைப் பித்தம் என்று கருதிக் கஷாயம் கொடுத்துக் காலங்கடத்தலாகாது. சிக்கிய தசையை ஓரிரு நாட்களுக்குள் விடுவிக்காவிடில், அது நிலையாகக் கெட்டுவிடக்கூடும். தலைக்காயத்தாலும் வாந்தி வரலாமாதலால், எவ்வகையிலும் மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

கண் முன்தள்ளிக் கல்போல் இறுகி, வலி மிகுந்து, பார்வை மங்குமாயின், உள்ளே இரத்தம் தேங்குகிறது என்று பொருள். ஓரிரு மணி நேரத் தாமதமும் பார்வையைப் பறித்துவிடலாம். உடனே 108 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

செய்யத் தகாதவை சில உண்டு. எண்ணெய் தேய்த்து நீவுவதும், இறுகக் கட்டுவதும், தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விடுவதும் கேடு விளைப்பன. கண்விழி கிழிந்திருக்குமெனத் தோன்றினால், காகிதக் குவளையின் அடிப்பகுதியை விழியில் படாமல் கவிழ்த்து வைத்து அழைத்துச் செல்லலாம். மூக்கைச் சிந்தலாகாது, சிந்தினால் காற்றும் கிருமியும் கண்குழிக்குள் புகும். அறுவை தேவைப்படலாமாதலின், மருத்துவர் பார்க்கும்வரை உணவு கொடாதிருப்பது நலம்.

சாதாரண எக்ஸ்ரே படத்தில் இம்முறிவு தெரியாமற் போகலாம், சி.டி. ஸ்கேன் படமே தெளிவாகக் காட்டும். எல்லா முறிவுக்கும் அறுவை வேண்டுவதில்லை. தசை சிக்காத சிறு முறிவுகளை, வீக்கம் வடியும்வரை ஓரிரு வாரங்கள் கவனித்தே முடிவு செய்வர். திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. மதுரையில் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்ததாக விளங்குகிறது. இவ்வசதிகள் அருகிருந்தும், அறியாமையால் ஒரு குழந்தையின் கண் கெடலாமா?

ஆகவே தலைக்கவசம் அணிவோம், அணியச் செய்வோம். இங்குக் கேட்டவற்றை ஒவ்வொருவரும் அண்டை வீட்டார் இருவருக்கேனும் சொல்லுவோம். நம் கிராமத்தின் கண்களைக் காப்பது நம் கடமையே ஆகும்.