ஒற்றைப் படகிலும் தனியாள் இல்லை

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நம் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. உடம்பு சரியில்லாமலோ, அடிபட்டோ, தொடர்ந்து மூன்று மாதம் கூட்டத்துக்கு வராத, சந்தா கட்டாத உறுப்பினரைக் குழுவில் இருந்து நீக்கலாமா, வேண்டாமா என்பதுதான் அது. நீக்கலாம் என்று சில குழுக்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவங்க சொல்ற காரணத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. ஒருவருடைய தவணை நின்றால் வங்கியில் குழுவின் பெயரே கெடும். வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கட்டுற மத்தவங்க தலையில் அந்தப் பாரம் ஏறும். இதெல்லாம் உண்மைதான்.

கை தூக்குறதுக்கு முன்னாடி ஒரு பெண்ணின் கதையை உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறோம். அவர் நம்ம பக்கத்து ஆள் இல்லை, கனடா நாட்டுக்காரர். பெயர் சில்கன் லாமன். துடுப்புப் படகுப் போட்டியில் உலக சாம்பியனாக இருந்தவர். "படகுப் போட்டிக்கும் நம்ம தீர்மானத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். கடைசி வரைக்கும் கேளுங்க, சம்பந்தம் தானாகத் தெரியும்.

ஒரு படகு, ஒரு ஆள்

படகுப் போட்டியில் பல வகை இருக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்து போவது, நாலு பேர் போவது, இரண்டு பேர் போவது என்று. அதில் ஒரே ஆள், இரண்டு கையிலும் இரண்டு துடுப்போடு போவதற்கு சிங்கிள் ஸ்கல்ஸ் என்று பெயர். படகின் நீளம் சுமார் 8 மீட்டர், அதாவது 26 அடி. உட்காரும் இடத்தில் அகலம் ஒரு முழம்கூட இருக்காது. எடை 14 கிலோதான், நம்ம வீட்டு காலி கேஸ் சிலிண்டரை விடக் குறைவு. கொஞ்சம் சாய்ந்தாலும் ஆள் தண்ணீரில்தான். போட்டித் தூரம் 2000 மீட்டர், இரண்டு கிலோமீட்டர். பெண்கள் அதை ஏழு, ஏழரை நிமிஷத்தில் முடிக்கிறார்கள்.

இரண்டு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். முன்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு, பார்க்கிறதுக்குக் கை வேலை மாதிரி இருந்தாலும் பெரும்பாலான பலம் காலில் இருந்துதான் வருகிறது. உட்காரும் பலகை முன்னும் பின்னும் உருளும். காலை மடக்கி, பலகையில் பொருத்திய செருப்பை உதைத்து உதைத்துத்தான் படகை ஓட்டணும். கால் போனால் படகு இல்லை.

பெண்களுக்கு இந்த இடம் சும்மா கிடைக்கவில்லை. ஆண்களின் துடுப்புப் போட்டி 1900-லேயே ஒலிம்பிக்கில் நடந்தது. பெண்களைச் சேர்த்தது 1976-ல், கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்த ஒலிம்பிக்கில்தான். அப்போதும் ஆண்களுக்கு 2000 மீட்டர், பெண்களுக்கு 1000 மீட்டர்தான். 1985-ல் இருந்துதான் பெண்களுக்கும் சமமான தூரம் வந்தது.

அக்காவோடு தொடங்கிய பயணம்

சில்கன் லாமன் 1964-ல் பிறந்தவர். பதினேழு வயசில்தான் துடுப்பைக் கையில் எடுத்தார். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், தன் அக்கா டேனியேலோடு இருவர் படகில் போய் வெண்கலம் வாங்கினார். அப்போது அவருக்கு வயசு 19. அடுத்த 1988 சியோல் ஒலிம்பிக்கில் பதக்கம் இல்லை. அதோடு ஒதுங்கவில்லை. கனடாவின் மேற்குக் கரையில் விக்டோரியா என்ற ஊருக்குப் போய், ஆண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்த மைக் ஸ்பிராக்லன் என்பவரிடம் சேர்ந்தார். ஆண்களோடு சேர்ந்தே பயிற்சி எடுத்தார். 1990 உலகப் போட்டியில் இரண்டாம் இடம். 1991-ல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் முதல் இடம். உலக சாம்பியன். அடுத்த வருஷம் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் இவருக்குத்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

பத்து வாரத்துக்கு முன்னால்

1992 மே 16-ஆம் தேதி. ஒலிம்பிக் தொடங்க சரியாகப் பத்து வாரம் இருக்கிறது. ஜெர்மனியின் எஸன் நகரில் ஒரு போட்டி. போட்டிக்கு முன்னால் உடம்பைச் சூடாக்க எல்லோரும் தண்ணீரில் படகு ஓட்டிக்கொண்டு இருந்தார்கள். எதிரே ஜெர்மனி ஆண்கள் இருவர் படகு வேகமாக வந்தது. முதுகு காட்டி உட்காரும் விளையாட்டு என்று சொன்னோமே, இவரும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. அந்தப் படகின் முனை இவர் படகில் மோதி, உடைந்த மரச்சிலும்பு வலது காலில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. எலும்பு முறிந்தது. தசை கிழிந்து தொங்கியது. நரம்பும் பாதித்தது.

ஐந்து முறை ஆபரேஷன். வேறு இடத்தில் இருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். மறுபடி துடுப்புப் போட முடியுமா என்பதே சந்தேகம் என்ற நிலை. அதுவும் எந்தக் கால் படகை ஓட்டுமோ அந்தக் கால்.

ஆனால் ஜூன் மாதத்திலேயே அவர் மறுபடி படகில் ஏறினார். கரையில் கைத்தடி ஊன்றித்தான் நடக்க முடிந்தது. படகு வரைக்கும் பிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும், ஏற்றிவிட ஆள் வேண்டும். தண்ணீரில் இறங்கின பிறகுதான் தனியாள். கனடா அணியும் அவர் பெயரை அடிக்கவில்லை. சிங்கிள் போட்டிக்கு அவரையே அழைத்துக்கொண்டு பார்சிலோனா போனது.

1992 ஆகஸ்ட் 2. ஸ்பெயினில் பன்யோலஸ் என்ற ஏரியில் இறுதிப் போட்டி. ஆறு படகுகள். முதலில் வந்தவர் ருமேனியாவின் எலிசபெட்டா லிப்பா. அவரும் சாதாரண ஆள் இல்லை. 1984-ல் இருந்து 2004 வரை ஐந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். இரண்டாவது பெல்ஜியத்தின் அனலீஸ் பிரடேல். மூன்றாவது இடத்துக்குத்தான் போராட்டம். கடைசிப் பகுதியில் அமெரிக்காவின் ஆன் மார்டன் லாமனைத் தாண்டிவிட்டார். அந்த நேரத்தில், அடிபட்ட அதே காலை உதைத்து உதைத்து, முடிவுக் கோட்டுக்கு முன்னால் லாமன் மறுபடி முன்னே வந்தார். சுமார் ஒரே விநாடி வித்தியாசம். வெண்கலம். நிறைவு விழாவில் கனடாவின் கொடியைத் தூக்கி வந்தவர் அவர்தான்.

ஒரு மாத்திரை, நாலு பதக்கம்

இந்தக் கதையை வெண்கலத்தோடு முடித்துவிடுவது வழக்கம். நாங்கள் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறோம். ஏன்னா நமக்கு அதுதான் ரொம்பத் தேவை.

1994 உலகப் போட்டியில், சைகைக்கு முன்னால் இரண்டு முறை கிளம்பிவிட்டதால் அவரைப் போட்டியில் இருந்தே விலக்கினார்கள். அடுத்தது 1995. அர்ஜென்டினாவில் அமெரிக்கக் கண்ட நாடுகளின் விளையாட்டுப் போட்டி. நாலு பெண்கள் படகில் லாமனும் ஒருவர். தங்கம் வாங்கினார்கள். பிறகு நடந்த சோதனையில் அவர் உடம்பில் தடை செய்த பொருள் இருப்பது தெரிந்தது. ஊக்க மருந்து ஊசி எதுவும் போடவில்லை. சளிக்குக் கடையில் கிடைக்கிற ஒரு மருந்துதான் சாப்பிட்டார். ஒரே பெயரில் பல வகை மருந்து விற்கிறார்கள். டாக்டர் சரி என்று சொன்னது ஒரு வகை, இவர் சாப்பிட்டது இன்னொரு வகை. அதில் மூக்கடைப்பை எடுக்கிற சூடோஎபெட்ரின் என்ற பொருள் கலந்திருந்தது. விதி விதிதான். தங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இவருடையதை மட்டும் இல்லை, கூட வந்த மூன்று பெண்களுடையதையும் சேர்த்துத்தான். அந்த மூன்று பேரும் என்ன தப்பு பண்ணினார்கள்? ஒன்றும் இல்லை.

இது நமக்குப் புரியும், இல்லையா சகோதரிகளே? ஒருவர் கட்டாவிட்டால் குழுவே பதில் சொல்லணும். கூட்டுப் பொறுப்பு என்று நாம் கையெழுத்துப் போடுகிறோமே, அதன் வலி அந்த மூன்று பெண்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேண்டுமென்று செய்தது இல்லை என்று தெரிந்ததால், அவர் விளையாட்டு வாழ்க்கையை அதோடு முடித்துவிடவில்லை. மறு வருஷமே, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சிங்கிள் போட்டியில் அவருக்கு இடம் இருந்தது. அன்றைக்குத் தங்கம் வாங்கியவர் பெலாரஸ் நாட்டின் எகாதெரினா கோதொதோவிச். லாமனுக்கு வெள்ளி. 1992-ல் அடிபட்டபோதோ, 1995-ல் தப்பு நடந்தபோதோ "போதும், இவரை நீக்குங்கள்" என்று முடித்திருந்தால் அந்த வெள்ளி கனடாவுக்குக் கிடைத்திருக்காது.

அவர் 1999-ல் ஓய்வு அறிவித்தார். 2014-ல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். சிறுவயசில் பட்ட மனவேதனையையும், பின்னால் வந்த மனச்சோர்வையும் அதில் வெளிப்படையாகச் சொன்னார். கால் காயத்தை உலகமே பார்த்தது. மனசுக் காயத்தைச் சொல்ல அவருக்கு அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நாங்கள் சொல்ல வருவது

"பாருங்க, அந்தப் பொண்ணு பத்து வாரத்தில் எழுந்து வந்துட்டா, நம்ம உறுப்பினர் மூணு மாசமா படுத்துக் கிடக்காங்க" என்று யாரும் இந்தக் கதையைத் திருப்பிச் சொல்லிவிடக் கூடாது. அவர் மனதைரியம் பெரியது, சந்தேகமே இல்லை. ஆனால் மனதைரியம் மட்டும் காலை ஒட்டவைக்கவில்லை. உடனே ஆபரேஷன் செய்ய நல்ல டாக்டர்கள் இருந்தார்கள். பயிற்சியாளர் இருந்தார். படகு வரைக்கும் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தது. இடத்தைக் காத்து வைத்த அணி இருந்தது. ஒற்றைப் படகுதான், ஆனாலும் அவர் தனியாள் இல்லை.

நம்ம உறுப்பினருக்கு அப்படி யார் இருக்காங்க? பல பேருக்குக் குழுதான் இருக்கு. குழுவும் பெயரை அடித்துவிட்டால் அந்த அம்மா கந்துவட்டிக்காரர் வாசலில்தான் போய் நிற்கணும். நாம் எதற்காகச் சேர்ந்தோமோ அதுவே தலைகீழாகிப் போகும்.

ஆகையால் நிர்வாகக் குழு சார்பில் நாலு யோசனை வைக்கிறோம்.

முதலாவது, நோய்க்காகவோ விபத்துக்காகவோ யாரையும் மூன்று மாதத்தில் நீக்க வேண்டாம். வராத உறுப்பினரின் வீட்டுக்கு ஊக்குநரோ பிரதிநிதியோ நேரில் போய்ப் பார்க்கணும். பார்த்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும்.

இரண்டாவது, தவணைக்கு அவகாசம் கேட்டுக் குழுவே வங்கிக்குக் கடிதம் எழுதணும். தள்ளிப் போட முடியாவிட்டால் உள்கடனில் இருந்து எவ்வளவு தாங்கலாம் என்று கூட்டத்தில் பேசி முடிவு செய்யணும். ஒருவரோ இருவரோ மட்டும் கைக்காசைப் போட்டுச் சுமக்க வேண்டாம்.

மூன்றாவது, படுத்திருப்பவருக்கும் கடமை உண்டு. சொல்லி அனுப்பணும். பத்து ரூபாயானாலும் முடிந்ததைக் கொடுத்து அனுப்பணும். கைத்தடி ஊன்றியாவது படகு வரைக்கும் வந்தாரே, அந்த மாதிரி.

நாலாவது, தப்பு நடந்தால் முதலில் தெரியாமல் நடந்ததா, தெரிந்தே செய்ததா என்று விசாரிக்கணும். ஏமாற்றுக்கு இடம் கொடுக்க வேண்டாம். தவறுதலாக நடந்திருந்தால், நஷ்டத்தைச் சரிசெய்து, ஆளை வைத்துக்கொள்ளணும். அதோடு எல்லோருக்கும் ஒரு வார்த்தை. மருந்தானாலும் சரி, கடன் பத்திரமானாலும் சரி, மேலே போட்டிருக்கிற பெயரை மட்டும் பார்க்காதீங்க. உள்ளே என்ன இருக்கிறது என்று படிச்சுப் பாருங்க. படிக்கத் தெரியலைன்னா படிச்சவங்களை வைத்துக் கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

இதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் முடிவு எதுவானாலும் நிர்வாகக் குழு அதன்படி நடக்கும். இன்றைக்கு நாம் எழுதப்போகும் விதி நாளைக்கு நம்மில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். நாமும் வருகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறோம். அதை நினைத்துக்கொண்டு கை தூக்குங்கள்.