தறியோசையும் தன்னையறிதலும்



சூழல் எண்ணத்தை உருவாக்குகிறதா என்னும் வினாவிற்கு மேலைநாட்டு நூல்களைப் புரட்டுமுன் தொல்காப்பியத்தைத் திறக்கலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள். உள்ளத்து ஒழுக்கமாகிய உரிப்பொருள் அவற்றின் பின்னரே வரிசையில் நிற்கிறது.

பொதட்டூர்பேட்டையின் கருப்பொருள் தறி. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே நம் தெருக்களில் தமிழும் தெலுங்கும் பாவும் ஊடையுமாகக் கலந்து கிடக்கின்றன.

நெய்வோர் மகளாகிய நான் ஆய்வுக்கு எடுத்ததோ குறிஞ்சித் திணை! அருவியையும் வேங்கையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். வேங்கை மரத்தை நேரிற் கண்டது பட்டம் பெற்ற பிறகுதான். கல்லூரி விடுதியில் தந்தையின் தொழிலைக் கேட்டோர்க்கு 'வணிகம்' என்றே விடையிறுத்தேன். அண்மையில் அவ்வாய்வேட்டை மீண்டும் படித்தேன். 'கூற்றுகள் இழையோடுகின்றன', 'உவமை ஊடாக நெய்யப்பட்டுள்ளது', 'இவ்விடத்தில் பொருள் அறுந்து முடியப்படுகிறது' எனப் பக்கந்தோறும் தறி! நான் மறைத்ததைத் தார் சுற்றிப் பழகிய என் கை எழுதிவைத்திருக்கிறது. மேற்பார்வையிட்ட பேராசிரியரும் காணவில்லை, நானும் காணவில்லை.

இதில் நாண என்ன இருக்கிறது? நன்னூற் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் காட்டுகிறது. காசியில் நெய்து வாழ்ந்த கபீர் உடலையே நெய்த துணியாகக் கண்டவர்.

எனினும் எல்லாம் சூழலே என்று கூற மனம் ஒப்பவில்லை. என் தமையனாரும் நானும் ஒரே தறியருகே வளர்ந்தோம். அவருக்குத் தறியோசை நின்றால் உறக்கம் கலையும்; நான் அவ்வோசைக்கு அஞ்சியே விடுதிக்கு ஓடினேன். ஓசை ஒன்று, அதற்கு நாங்கள் அளித்த மறுமொழி இரண்டு. என்னை அறிய வேண்டுமாயின் அவ்விடைவெளியில்தான் தேட வேண்டும் போலும். திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்று தொல்காப்பியர் வரையறுத்ததன் ஆழம் எனக்கு இப்போதுதான் புலனாகிறது.

கவிஞர்களிடம் ஒரு கேள்வி. குழித்தறியில் பேசிக்கொண்டே நெய்யலாம், பாடவும் செய்யலாம். விசைத்தறிக் கூடத்திலோ சைகையே மொழி. அங்கு வளரும் பிள்ளை கவிதை எழுதும்போது சொற்களுக்கிடையே மௌனத்தை எங்கே வைக்கும்? விடை என்னிடம் இல்லை. அப்பிள்ளைகளை இம்மேடைக்கு அழைத்து வாருங்கள், கேட்போம்.

என் ஆய்வேட்டின் முன்னுரையில் விடுபட்ட ஒரு வரியை இங்குச் சேர்த்து அமைகிறேன்: இதனை எழுதியவர் குழித்தறி நெய்தவரின் மகள்.