கஞ்சி ஏன் பிரிகிறது?

(சங்கரன்கோவிலில் விசைத்தறித் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கஞ்சியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சில தோழர்கள் சிரித்தார்கள். கூலியைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் கஞ்சியைப் பற்றி என்ன பேசப் போகிறார்கள் என்ற சிரிப்பு அது. கஞ்சிக்கும் கூலிக்கும் உள்ள சம்பந்தம் வயிற்றோடு முடிந்துவிடவில்லை. தறியிலும் அது இருக்கிறது.

தாய்மார்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்திலிருந்து தொடங்குவோம். ராத்திரி வடித்த கெட்டிக் கஞ்சியைச் சட்டியில் மூடி வைக்கிறோம். சூடாக இருக்கும்போது வழவழவென்று ஒரே திரவமாக இருக்கிறது. மார்கழி மாத விடியற்காலையில் திறந்து பார்த்தால் கட்டியாகி நிற்கிறது. கரண்டியால் கீறினால், கீறிய இடத்தில் தண்ணீர் ஊறுகிறது. ராத்திரி யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. பின் எங்கிருந்து வந்தது?

கஞ்சிக்குள் இருந்த தண்ணீர்தான் அது. நம் ஊர்க் கோவிலில் அரியும் அரனும் ஓருடலாய் நிற்பதைப் பார்க்க ஆடித்தபசுக்கு ஜனங்கள் திரளுகிறார்கள் அல்லவா? கஞ்சியிலும் மாவும் நீரும் ஓருடல்தான். ஆனால் சூடு இருக்கும் வரைக்கும்தான்.

இதற்கு என்ன காரணம்? மாவுச் சத்து என்பது குளுக்கோஸ் என்ற சிறு கண்ணிகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோத்த சங்கிலி. ரப்பரும் பருத்தியும்கூட இப்படிப்பட்ட நீண்ட சங்கிலிகளே. இவற்றுக்குப் பாலிமர் என்று பெயர். ஜெர்மனியில் ஸ்டாடிங்கர் என்ற ரஸாயன அறிஞர் 1920ல் இதைச் சொன்னபோது பெரிய பெரிய பேராசிரியர்களே நம்ப மறுத்தார்கள். 1953ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சர்க்கரையும் கண்ணிதான், ஆனால் தனித்தனிக் கண்ணி. அது தண்ணீரில் சுலபமாகக் கலந்துவிடுகிறது. ஆடித்தபசுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தனியாக வந்தவன் எந்தச் சந்திலும் நுழைவான், யாரோடும் கலப்பான். தேர் வடம் பிடித்தவர்கள் அப்படிப் போக முடியுமா? ஒருவன் நகர்ந்தால் அவனோடு நூறு பேர் நகர வேண்டும். சங்கிலியாய்க் கோத்த பொருளுக்கும் இதே கதிதான். கலந்து திரிவதற்கு அதற்கு வழிகள் குறைவு. உஷ்ணம் உதைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும்வரை கலந்திருக்கும். உஷ்ணம் தணிந்ததும் சங்கிலி சங்கிலியோடு சேர்ந்துகொள்ளும், நீர் ஒதுங்கிவிடும்.

இந்தப் பிரிவு ஒழுங்கான விதிக்குக் கட்டுப்பட்டது என்பதைக் காட்டியதில் அன்றைய சோவியத் நாட்டு விஞ்ஞானிகளுக்கு முக்கியமான பங்கு உண்டு. ரப்பர், செல்லுலோஸ் கரைசல்களெல்லாம் உண்மையான கரைசல்களே அல்ல, ஏதோ ஒரு பிசுபிசுப்பு என்று பல அறிஞர்கள் எண்ணியிருந்த காலம் அது. பாப்கோவ், கார்கின், ரோகோவின் ஆகிய மூவரும் 1937ல் செல்லுலோஸ் அசிடேட் கரைசல்களைச் சூடாக்கியும் ஆற்றியும் பார்த்தார்கள். ஆற்றினால் குறிப்பிட்ட உஷ்ண நிலையில் இரண்டாகப் பிரிந்தது. சூடாக்கினால் மறுபடி ஒன்றாயிற்று. சாதாரணத் திரவங்களுக்கு உள்ள விதியே இதற்கும் என்று நிரூபித்தார்கள். 1942ல் அமெரிக்காவில் பிளோரியும் ஹக்கின்ஸும் தனித்தனியே இதைக் கணக்காக எழுதினார்கள். பிளோரிக்கு 1974ல் நோபல் பரிசு கிடைத்தது.

நேர்மாறாக நடக்கிற பொருள்களும் உண்டு. குளிர்ந்த நீரில் கரைந்து, சூடு ஏறினால் பிரிகிற பாலிமர் ஒன்று இருக்கிறது. அதன் நீளப் பெயர் நமக்கு வேண்டாம். 32 டிகிரியைத் தாண்டினால் கரைசல் பால்போல் கலங்கும்; நம் ஊர் வெயிலே போதும். சங்கிலியைத் தண்ணீர் பற்றியிருக்கும் பிடி சூட்டில் தளர்ந்துவிடுவதுதான் காரணம். ஜப்பானில் இதைப் பாத்திரத்தில் பூசி, மேலே உயிரணுக்களைப் படலமாக வளர்க்கிறார்கள். பாத்திரத்தைக் குளிர வைத்தால் படலம் கிழியாமல் கழன்று வருகிறது.

இனித் தறிக்கு வருவோம். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது எதற்கு? தறி ஓட ஓட இழையோடு இழை உரசுகிறது. நாரை நாரோடு ஒட்டி, மேலே மெல்லிய தோல்போல் நின்று உரசலைத் தாங்குவது கஞ்சிதான். கஞ்சி ஒரே சீராக இருந்தால்தான் தோலும் சீராக இருக்கும். மாவுக் கஞ்சி ஓடும் தொட்டியை 80 டிகிரிக்கு மேல் சூடாக வைப்பது இதற்காகவே. ஆறவிட்டால் ஓர் இழையில் கட்டி, இன்னோர் இழையில் வெறும் தண்ணீர். கட்டி தூளாகத் தறியடியில் உதிர்கிறது. தண்ணீர் பட்ட இழை அறுகிறது.

"ஆறினால் என்ன, மறுபடி காய்ச்சினால் சரியாகிவிடாதா?" என்று கேட்பீர்கள். செல்லுலோஸ் அசிடேட் சரியாகிறது. மாவுக் கஞ்சி ஆகாது. மாவில் இரண்டு வகைச் சங்கிலி இருக்கிறது: கிளை விட்டது ஒன்று, கிளையில்லாமல் நீண்டது ஒன்று. ஆறும்போது நீண்ட சங்கிலிகள் பிரிவதோடு நிற்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிப் படிகமாகிவிடுகின்றன. அந்தப் படிகம் இளக 100 டிகிரி போதாது, அதற்கு வெகுவாக மேலே போக வேண்டும். திறந்த தொட்டியில் எத்தனை நாழிகை கொதித்தாலும் அந்தச் சூடு வராது. மரவள்ளி மாவில் நீண்ட சங்கிலி சற்றுக் குறைவு. அதனால் மக்காச்சோள மாவைவிட அது மெதுவாகக் கட்டுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை எதற்காக இவ்வளவு விரித்துச் சொன்னோம் என்றால், சென்ற மார்கழியில் ஒரு பட்டறையில் மிஞ்சிய கஞ்சியைத் தொட்டியிலேயே விட்டு, காலையில் வெதுவெதுப்பாக்கிப் பாவுக்குப் போட்டிருக்கிறார்கள். விறகும் மாவும் மிச்சம்! அந்தப் பாவு ஏறிய தறிகளில் இழை அறுந்துகொண்டே இருந்தது. தறி நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது. அது போதாதென்று துணியில் குறை என்று நம் தோழர்கள் மூவருக்குக் கூலியும் பிடித்தார்கள். "உங்கள் கைக்கோளாறு" என்றார்கள். இருபது வருஷம் தறி ஓட்டிய கைக்கு ஒரே வாரத்தில் எப்படிக் கோளாறு வரும் என்று ஒரு தோழர் கேட்டார். பதில் வரவில்லை.

நாங்கள் போய் அதிகம் பேசவில்லை. இரண்டு டம்ளர் கஞ்சியை மேஜைமேல் வைத்தோம். ஒன்று அன்று காய்ச்சியது. இன்னொன்று முந்தின நாள் காய்ச்சி, ஆறி, மறுபடி கொதிக்க வைத்தது. இரண்டையும் மெல்லிய துணியில் வடிகட்டச் சொன்னோம். முதல் துணி வெறுமனே நனைந்தது. இரண்டாவது துணியில் பிசிர் பிசிராகத் தங்கிற்று. முதலாளி அதை விரலால் தொட்டுப் பார்த்தார், கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்.

தொட்டிக்கு உஷ்ணமானி வாங்கி வைத்தாயிற்று. மிஞ்சிய கஞ்சியைக் கொட்டிவிடுகிறார்கள். பிடித்த கூலி மட்டும் இன்னும் வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி பேசப் போகிறோம். அந்த மூன்று தோழர்களும், அதே பாவு ஏறிய மற்றத் தறிக்காரர்களும் வர வேண்டும். தறியடியில் உதிர்ந்த தூளைக் கூட்டி வைத்திருப்பவர்கள் அதையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொண்டு வாருங்கள்.