பெட்டியின் உருவமும் காம்பராவின் அளவும்

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியில் வீடியோ விளையாட்டுப் பெட்டியைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறான் என்றதும் உங்களில் சிலர் வானொலியின் குமிழைத் திருப்பக் கை நீட்டியிருக்கலாம். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். உருவமா, உள்ளடக்கமா என்ற விவாதம் இந்நாட்டுத் தமிழ் இலக்கிய உலகில் மேடைகளிலும் சஞ்சிகைகளிலும் பல ஆண்டுகள் நடந்தது. பிற்காலத்தில் நான் அதைப் படித்தபோது என் நினைவில் எழுந்தது ஒரு கவிதையோ கதையோ அல்ல. வெள்ளையும் சிவப்புமான ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஒரு பொருளின் உருவம் எவ்வளவு பேசும் என்பதை எனக்கு முதலில் காட்டியது அதுதான்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்று. 1990களின் நடுப்பகுதி. எங்கள் லயத்துக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. அதுவரை கார் பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஒன்று எங்கள் காம்பராவில் இருந்தது. பேட்டரி இறங்கிவிட்டால் அப்பா அதைத் தோளில் சுமந்து டவுனுக்குப் போய் சார்ஜ் பண்ணிக்கொண்டு வருவார். தொலைக்காட்சியை வைக்க மேசை கிடையாது. விளிம்பில் தகரம் அடித்த பழைய தேயிலைப் பெட்டிதான் மேசை. அதன் பலகையில் தோட்டத்தின் பெயர் கறுப்பு மையில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். கப்பலேறிச் சீமைக்குப் போயிருக்க வேண்டிய பெட்டி எங்கள் காம்பராவில் நின்றுவிட்டது.

அந்த ஆண்டு தீபாவளி அட்வான்சில் கொஞ்சம் மிச்சம் பிடித்து அப்பா ஒரு 'டீவி கேம்' வாங்கி வந்தார். தொலைக்காட்சியிலிருந்து அன்டனா வயரைக் கழற்றிவிட்டு இதன் வயரைச் செருக வேண்டும். எங்கள் அன்டனா, கூரைக்கு மேல் மூங்கிலில் கட்டுண்டு, ரூபவாஹினியின் கோபுரம் இருக்கும் பிதுருதலாகலை மலையைப் பார்த்தபடி நிற்கும். வயரைக் கழற்றியதும் கொழும்பும் செய்தியும் சிங்களப் படமும் ஒருசேரப் போய்விடும். திரையில் எங்கள் ஆட்டம் மட்டும் மிஞ்சும். அதுவும் கறுப்பு வெள்ளையில். நிறம் இருந்தது பெட்டியில் மட்டுமே. அதனால்தானோ என்னவோ, திரையைப் பார்த்த அளவுக்கு நான் பெட்டியையும் பார்த்தேன்.

வெள்ளை உடல். கடுஞ்சிவப்பு ஓரங்கள். மேலே கேசட் செருகும் வாய். இரு பக்கமும் இரண்டு ரிமோட்டுகளைச் செருகி வைக்கப் பள்ளங்கள். கையில் பிடித்து ஆடும் அந்தக் கட்டைகளை நாங்கள் ரிமோட் என்றுதான் சொல்வோம். அவற்றின் வயர் மிகக் குட்டை.

எங்களுடையது அசல் அல்ல, பார்த்துச் செய்த பிரதி என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அசல், நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15இல் ஜப்பானில் 14,800 யென்னுக்கு விற்பனைக்கு விட்ட ஃபமிகொம். தாய்வான், ஹொங்கொங், சீனா ஆகிய இடங்களில் அதன் பிரதிகள் ஏராளமாகச் செய்யப்பட்டு உலகெங்கும் போயின. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சி அணிந்த ஒரு கழுத்துத்துணியின் நிறம் அது என்று, பெட்டியை உருவாக்கிய குழுவை முன்னின்று நடத்திய மசாயுகி உவெமுரா சொல்லியிருக்கிறார். 2021இல் காலமான அந்தப் பொறியியலாளர் இன்னொன்றும் சொன்னார். கேசட்டை வெளியே தள்ளும் நெம்புகோல் உண்மையில் தேவையே இல்லையாம். குழந்தைகள் அதைத் தள்ளித் தள்ளி விளையாடட்டும் என்றுதான் வைத்தார்களாம். ஒரு முதலாளியின் கழுத்துத்துணி, ஒரு பொறியியலாளரின் குறும்பு — இரண்டும் சேர்ந்து கடல் கடந்து எங்கள் லயம்வரை வந்திருக்கின்றன.

இந்தக் கதைக்கு முன்கதை உண்டு. நாஜி ஜேர்மனியிலிருந்து 1938இல் குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா போன யூத இளைஞர் ரால்ஃப் பேயர். தொலைக்காட்சியில் ஆடும் விளையாட்டுக்கு 1960களின் பிற்பகுதியில் அவர் செய்த மாதிரிப் பெட்டியின் மேல், மரம் போலத் தோன்றும் ஒட்டுத்தாளை ஒட்டினார். அதன் வழிவந்ததே 1972இல் கடைக்கு வந்த ஒடிசி. பின்னர் 1977இல் வந்த அட்டாரியின் பெட்டியும் கறுப்பு வரிகளுக்கு முன்னால் போலி மரப்பட்டை ஒன்றைச் சூடிக்கொண்டது. ஏன் மரம்? அந்நாட்டு வரவேற்பறையில் வானொலியும் தொலைக்காட்சியும் மரப்பெட்டிகளுக்குள் தளபாடமாக வீற்றிருந்த காலம் அது. புதிதாக உள்ளே நுழையும் பொருள், வீட்டுக்காரர் முகம் சுளிக்காதபடி பழைய உடை உடுத்திக்கொண்டு நுழைந்தது. அங்கே பிளாஸ்டிக் மரவேடம் போட்டது. இங்கே மெய்யான மரம், தேயிலைப் பெட்டியாக வந்து மேசை வேடம் போட்டது.

1983இல் அமெரிக்காவில் இந்த வியாபாரமே சரிந்தது. வீடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டாலே கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். எனவே 1985இல் அதே ஜப்பானியப் பெட்டி அங்கே போனபோது அதற்கு வேறு உரு கொடுத்தார்கள். லான்ஸ் பார் என்பவர் சிவப்பையும் வெள்ளையையும் களைந்து சாம்பல் நிறச் சதுரப் பெட்டியாக்கினார். வீடியோ டெக்கில் கேசட் போடுவதுபோல முன்பக்கம் மூடியைத் திறந்து செருக வைத்தார்கள். உள்ளே இருந்தது ஏறத்தாழ அதே இயந்திரம், மாறியது உருவம். ஆனால் அந்த வேடத்துக்கும் விலை இருந்தது. செருகும் இடத்திலுள்ள உலோகப் பற்கள் நாளடைவில் தளர்ந்தன, படம் வராமல் போயிற்று. பிள்ளைகள் கேசட்டின் வாயில் ஊதி ஊதிப் போட்டார்கள். மேலே செருகும் எங்கள் பெட்டிக்கும் நாங்கள் அதையே செய்தோம், அம்மா ஈர விறகோடு அடுப்பை ஊதுவதுபோல. மூச்சின் ஈரம் உலோகத்தை அரிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. மலைநாட்டுப் பனி போதாதென்று நாங்கள் வேறு!

நேயர்களே, இப்போது அந்தக் குட்டை வயருக்கு வருகிறேன். அமெரிக்கப் பெட்டியின் வயர் நீளமானது. அங்கே தொலைக்காட்சி ஒரு சுவரில், சோபா எதிர்ச்சுவரில். ஜப்பானியப் பெட்டியை வடிவமைத்தவர்கள் சிறிய வீட்டையும் தரையில் உட்காரும் பிள்ளைகளையும் மனதில் வைத்தார்கள் என்பது அதைப் பார்த்தாலே தெரியும். எங்கள் காம்பராவின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையல் ஒரு மூலை, படுக்கை ஒரு மூலை. தேயிலைப் பெட்டிக்கு முன் பாயில் உட்கார்ந்தால் குட்டை வயர் தாராளமாகப் போதும். எங்களை மனதில் வைத்து யாரும் அதைச் செய்யவில்லை. ஆனாலும் அந்த வயர் எங்கள் காம்பராவுக்கு அளவெடுத்ததுபோல இருந்தது. அப்போது அதில் எனக்குப் பெருமை. இன்று யோசித்தால், பொருத்தம் வயரின் பெருமையல்ல, காம்பராவின் சிறுமை.

இனிச் சொல்லப்போவதற்காகவே இவ்வளவும் சொன்னேன். முதல் ரிமோட் எனக்கு, இரண்டாவது என் தங்கச்சிக்கு. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. ஆட்டத்தைத் தொடங்கவும் இடையில் நிறுத்தவும் உள்ள பொத்தான் முதலாவதில் மட்டுமே உண்டு. அசல் ஜப்பானியப் பெட்டியில் அந்த இடத்துக்கு ஈடாக இரண்டாவது ரிமோட்டில் ஒரு சிறிய ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். எங்கள் பிரதியில் அதுவும் இல்லை. மீசைக்காரன் ஓடும் ஆட்டத்தில் இருவரும் மாறி மாறித்தான் ஆட முடியும். அண்ணன் செத்தால்தான் தங்கச்சிக்கு முறை.

"அண்ணே, எனக்கு மட்டும் ஏன் அந்தப் பட்டன் இல்ல?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"கம்பனியில அப்படித்தான் செஞ்சிருக்கான்" என்றேன்.

பின்னேரத்தில் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். "பீலியில தண்ணி புடிச்சிட்டு வா தாயி." அவள் ஆட்டத்தின் நடுவில் இருப்பாள். நிறுத்த அவள் கையில் பொத்தான் இல்லை. என் முகத்தைப் பார்ப்பாள். நான் அழுத்தியிருந்தால் திரை அப்படியே நின்றிருக்கும், அவள் குடத்தோடு போய்வந்து விட்ட இடத்திலிருந்து ஆடியிருப்பாள். நான் அழுத்தவில்லை. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். அவளுடைய ஆள் திரையில் தானாகச் சாவான். என் முறை வரும்.

சில ஆண்டுகளில் இருவரும் சாதாரணதரம் எழுதித் தேறினோம். உயர்தரம் படிக்க டவுனில் தங்க வேண்டும். ஒருவருக்குத்தான் காசு. நான் போனேன். அவள் தோட்டத்தில் பேர் பதிந்து கூடையைக் கட்டினாள். ஏன் என்று அவள் கேட்டபோது அப்பா, "நம்ம நெலம அப்படித்தாம்மா" என்றார். நான் அன்று சொன்ன பதிலும் அப்பா சொன்ன பதிலும் ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்படித்தான் என்பது உண்மையா? அதே பெட்டி அமெரிக்கா போனபோது இரண்டு ரிமோட்டையும் ஒன்றுபோலவே செய்தார்கள். இரண்டிலும் தொடக்கப் பொத்தான் இருந்தது. 1993இல் ஜப்பானில் புதிய உருவில் வந்த பெட்டியிலும் அப்படியே. ஆரம்பத்தில் சதுர ரப்பராக இருந்த பொத்தான்கள் அமுங்கி மாட்டிக்கொள்கின்றன என்று கண்டதும் வட்டப் பிளாஸ்டிக்காக மாற்றினார்கள். மனிதர் வரைந்ததை மனிதர் திருத்தினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடியும் வானத்திலிருந்து விழுந்த அளவல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் யாரோ ஒருவர் மேசையில் தாளை விரித்து, ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கு இவ்வளவு போதும் என்று கோடு போட்டார். அந்தக் கோட்டுக்குள் எத்தனையோ தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. இன்று சில தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுந்திருக்கின்றன. எத்தனையோ குடும்பங்கள் இன்னும் பழைய கோட்டுக்குள்தான்.

பழைய விளையாட்டுப் பெட்டிகளுக்கு இப்போது உலகெங்கும் மதிப்பு. சேகரிக்கிறார்கள், கண்ணாடிக்குள் வைக்கிறார்கள். 2016இல் நிண்டெண்டோவே அந்தச் சிவப்பு வெள்ளைப் பெட்டியை உள்ளங்கையில் அடங்கும் அளவில் மறுபடி செய்து விற்றது. வயர் முதல் நிறம்வரை பழையபடியே. இரண்டாவது ரிமோட்டில் தொடக்கப் பொத்தான் அப்போதும் இல்லை! பழமையை நேசிப்பதில் இப்படியொரு ஆபத்து இருக்கிறது: அழகோடு சேர்த்து அநீதியையும் அப்படியே வார்த்தெடுத்துவிடுவோம். பனிமூட்டத்தில் லயத்தைப் படம் பிடிப்பவர்களுக்கும், லயத்து வாழ்வை இனிய நினைவாக மட்டும் எழுதும் என்னைப் போன்றவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

போன தைப்பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தங்கச்சியிடம், அந்த டீவி கேம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள். "நீங்க ஒரு நாளும் நிறுத்தல அண்ணே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். உள்ளே அவள் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குடம் நிலைப்படியில் வெறுமையாக இருந்தது. மகளைக் கூப்பிடாமல் தங்கச்சி தானே எழுந்தாள். நான் முந்திக்கொண்டு குடத்தை எடுத்தேன். முப்பது வருடம் பிந்திய காரியம்தான். ஆனாலும் பீலிவரை போய்வந்தேன்.

உருவம் விதியல்ல, நேயர்களே. அது யாரோ எடுத்த ஒரு முடிவு. முடிவென்றால் மாற்றலாம்.