சமாதானமும் நியாயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நாம் செய்த ஒரு பிழையே இன்று நம்மைப் பேச வைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நம் காலனிப் பெண் ஒருவர் இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். ஆண்டுதோறும் அங்கே எல்லா மாநிலத்தாரின் உடையும் உணவும் கொண்ட ஒற்றுமை விழா நடக்கும். அவ்விழாவில் இவர் இட்ட கோலத்தைப் பாராட்டிய அதே ஆய்வுக்கூடத்தில், ஒருவர் இவருடைய பேச்சையும் நிறத்தையும் நாள்தோறும் நகையாடினார். பின்னர்த் தகாத சொற்களும் சொல்லலானார். பெண் புகார் எழுதினார். "அயலூரில் பிழைக்க வந்தோம், பொறுத்துப் போ அம்மா" என்று நாம் தடுத்தோம். பெரியவர்கள் நால்வர் நேரில் சென்று பேசினோம். அவர் வருத்தம் தெரிவித்தார். தேநீர் அருந்தி மகிழ்ச்சியோடு திரும்பினோம்.

ஒரு மாதம் கழித்து அப்பெண் சொன்னார்: "மாமா, சமாதானம் உங்களுக்கும் அவருக்கும் ஆயிற்று. எனக்கு ஆகவில்லை." அவர் அந்த ஆய்வுக்கூடத்தை விட்டார். ஓராண்டு உழைப்பு வீணாயிற்று.

நாம் எங்கே தவறினோம்? பூசல்கள் இருவகை. ஒரே கருவியை யார் எந்நேரம் பயன்படுத்துவது என்று இருவர் பிணங்கினால், நடுவர் ஒருவர் இருவரையும் தனித்தனியே கேட்டு, பின் சேர்த்து உட்கார வைத்து, முறை எழுதிக் கொடுக்கலாம். இருவரும் சமம், இருவர்க்கும் தேவை உண்டு, ஆளுக்குச் சிறிது விட்டுக் கொடுப்பதே முடிவு. ஆனால் ஒருவர் அவமதிக்க, மற்றவர் அவமானப்பட்டால், அங்கே எதைப் பங்கிடுவது? பாதிக்கப்பட்டவர் மட்டுமே விட்டுக் கொடுக்க நேரும்.

சட்டம் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருக்கிறது. 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் அளித்த தீர்ப்பின் வழியே, பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் வகுத்த விதிகள் மாணவியர்க்கும் இப்பாதுகாப்பை உறுதி செய்தன. உட்புகார்க் குழுவின் தலைவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். உறுப்பினரில் பாதிப்பேரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். வெளியார் ஒருவரும் இடம்பெற வேண்டும். புகாரை 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருப்பின் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சமரசத்துக்கும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஆனால் விசாரணைக்கு முன்பு, பாதிக்கப்பட்ட பெண்ணே வேண்டினால் மட்டுமே அது நடக்கலாம்; பணம் அதற்கு அடிப்படையாகக் கூடாது. நாமோ அப்பெண்ணைக் கேளாமலே சமரசம் செய்து வைத்தோம்!

சாதி, மதம், மொழி முதலியவற்றால் மாணவர்க்கு வேற்றுமை காட்டலாகாது என்று மானியக் குழு 2012-இல் விதி வகுத்து, சமவாய்ப்புப் பிரிவு ஒன்றை நிறுவுமாறு உயர்கல்வி நிறுவனங்களைப் பணித்தது. மொழியும் அங்கே குறிக்கப்பட்டிருப்பது, பிறமொழி மாநிலத்தில் வாழும் நமக்கு நினைவில் இருக்க வேண்டும்.

விழாக்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொங்கலைச் சேர்ந்து உண்பது நல்லதே. ஆயினும், சிறுபான்மையாய் உள்ள ஒருவர் குறை சொல்லும்போது அதற்குச் செவி சாய்க்கிறார்களா என்பதே ஒற்றுமைக்கு உரைகல். இவ்விதி பல்கலைக்கழகத்துக்கு மட்டுமன்று. நம் அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் பொருந்தும். நம்மிடையிலும் சாதி பார்த்து ஒதுக்கப்பட்டவர் எவரேனும் இருந்தால், அவர் சொல்லையும் முதலில் கேட்போமாக.

ஆதலின், பெற்றோரே! பிள்ளைகள் குறை கூறி வந்தால், "பொறுத்துப் போ" என்று தொடங்காதீர்கள். "உன் விருப்பம் என்ன?" என்று கேளுங்கள். நடந்ததை நாளோடும் நேரத்தோடும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் விரும்பினால் துணைக்குச் செல்லுங்கள். அவர்களுக்காக நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

அப்பெண் இன்று வேறோர் ஊரில் ஆராய்ச்சியைத் தொடர்கிறார். நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அதனை இம்மேடையிலும் சொல்லிவிட வேண்டும் என்றே வந்தோம்.