சந்தையில விக்காம திரும்புற ஆடு

தீபாவளி நெருங்குது. செஞ்சி, வேப்பூர், எட்டயபுரம்னு ஆட்டுச் சந்தைகள்ல கோடிக்கணக்குல வியாபாரம்னு நியூஸ் வர ஆரம்பிச்சிடும். நாம மட்டன் விலையைப் பார்த்துட்டு ஸ்க்ரோல் பண்ணிடுவோம். இன்னைக்கு நான் பேசப்போறது, அந்தச் சந்தையில விலை படியாம வீட்டுக்கே திரும்புற ஆட்டைப் பத்தி.

ஆட்டுக்கொல்லி நோய்னு ஒண்ணு இருக்கு. டாக்டர்கள் பி.பி.ஆர்-னு சொல்லுவாங்க. வெள்ளாடு, செம்மறி ரெண்டுக்கும் வரும். தட்டம்மை வைரஸுக்குச் சொந்தக்கார வைரஸ்தான், ஆனா மனுஷங்களைத் தொடாது. காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், அப்புறம் கழிச்சல், நிமோனியா. தடுப்பூசி போடாத மந்தையில பாதிக்கு மேலகூட செத்துப்போகலாம். இந்தியாவுல இதை முதல்ல கண்டுபிடிச்சது 1987-ல, நம்ம விழுப்புரம் பக்கம் அரசூர்ல. ‘அரசூர் 87’னு ஒரு தடுப்பூசியே இருக்கு.

இந்த வைரஸ் வெயில்ல ரொம்ப நேரம் தாங்காது. ஆட்டுக்கு ஆடு நெருக்கமா நின்னாத்தான் பரவும். சந்தை அதுக்குன்னே அமைஞ்ச இடம்! நாலு ஊரு ஆடு, ஒரே டெம்போ, ஒரே தண்ணித்தொட்டி. தொத்தின ஆடு மூணு நாலு நாளைக்கு நல்லாத்தான் தெரியும். அது ஊருக்குத் திரும்பி, பட்டியில மத்த ஆடுங்களோட சேர்ந்து படுக்கும்.

இன்னொண்ணு, ஒரு ஆடு இருமுனா “கெடக்கிற விலைக்கு வித்துடுவோம்”னு மிச்சத்தை ஓட்டிட்டுப் போறாங்க. நோய் அடுத்த ஊருக்குப் போகுது. திட்டுறது சுலபம். ஆனா எட்டு ஆடுதான் மொத்த சேமிப்புன்னு இருக்கிற ஒரு அக்காகிட்ட, பொறுத்திருங்கன்னு எப்படிச் சொல்றது? செத்த ஆட்டுக்கு யாரு காசு தருவா?

செய்யக்கூடியது என்னமோ எளிசுதான். சந்தையில இருந்து வந்த ஆட்டை, புதுசோ திரும்பினதோ, மூணு வாரம் தனியாக் கட்டணும். நாலு மாசக் குட்டிக்குத் தடுப்பூசி போட்டா மூணு வருஷமாவது தாங்கும். பிரச்சனை என்னன்னா, குட்டிங்க வருஷாவருஷம் பொறக்குது. போன வருஷம் முழு மந்தைக்கும் போட்டாச்சுன்னு விட்டா, இந்த வருஷக் குட்டிங்க அத்தனையும் வெறுங்கையோட நிக்கும். மாட்டு வெக்கை நோயைத் தடுப்பூசியாலதான் 2011-ல உலகத்தை விட்டே ஒழிச்சாங்க. இதுக்கு வச்சிருக்கிற கெடு 2030.

ஊர்ல ஆடு வளர்க்கிற சொந்தக்காரங்க இருந்தா, இந்த எபிசோடை வாட்ஸ்அப்ல தட்டிவிடுங்க. ஆட்டுக்கு முடியலன்னா கூப்பிட வேண்டிய நம்பர் 1962. ஆட்டம்மை பத்தி அடுத்த வாரம் பேசுவோம்.